அறுந்தால் நிற்கும் தறி! – சகிச்சி டொயோடாவின் வாழ்க்கை

டொயோட்டா என்றதும் நம் எல்லோருக்கும் இன்னோவா கார்தான் ஞாபகத்துக்கு வரும். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் நண்பர்கள் ஒரு படி மேலே போய் கைசன், கான்பான் என்று வைவாவுக்குப் படித்ததையெல்லாம் ஒப்பிப்பார்கள். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் தம் வாழ்நாளில் ஒரு கார்கூடச் செய்ததில்லை. தச்சர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து தறி செய்தவர் அவர். பெயர் சகிச்சி டொயோடா.

கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்காரன் தறிக்காரரைப் பற்றி எழுத ஏன் வந்தான் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஜாவாவில் எக்ஸெப்ஷன் என்று ஒரு பாடம் வருகிறதே! டிரை, கேட்ச், த்ரோ, த்ரோஸ், ஃபைனலி என்று ஐந்து சொற்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டிவிட்டு வருகிறோமே! அந்தப் பாடம் எனக்கு உருப்படியாகப் புரிந்தது இந்த மனிதரின் தறியைப் பற்றிப் படித்த பிறகுதான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மேற்கே போனால் காஞ்சிபுரம், தெற்கே போனால் ஒரகடம். ஒரு பக்கம் தறி, இன்னொரு பக்கம் கார். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து படிக்கிற நமக்கு இவர் கதை தெரியாமல் இருக்கலாமா?

1867ஆம் ஆண்டு பிப்ரவரி 14. ஜப்பானில் இன்று ஷிசுவோகா என்று அழைக்கப்படும் மாகாணத்தில், கோசாய் பகுதியைச் சேர்ந்த யாமாகுச்சி என்ற கிராமத்தில் சகிச்சி பிறந்தார். ஏழைக் குடும்பம். அப்பாவுக்கு விவசாயத்தோடு தச்சு வேலையும் உண்டு. அந்த வட்டாரத்தில் பெண்கள் வீட்டிலேயே பருத்தித் துணி நெய்வார்கள். சகிச்சியின் அம்மாவும் அப்படி நெய்தவர்தான் என்று சொல்வார்கள். பையனுக்கு ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. அப்பாவிடமே உளி பிடிக்கக் கற்றுக்கொண்டான்.

அப்போது ஜப்பான் தலைகீழாக மாறிக்கொண்டிருந்த காலம். 1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. ரயில், தந்தி, மில் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. 1885இல் அரசாங்கம் காப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அது உன்னுடையது என்று சட்டமே சொல்கிறது! பதினெட்டு வயதுத் தச்சனுக்கு இந்தச் செய்தி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. தறியைத் திருத்தப்போகிறேன் என்று ஆரம்பித்தவர், மரத்தை வெட்டுவதும் ஒட்டுவதும் பிரிப்பதுமாக நாளைக் கழித்தார். ஊர்க்காரர்கள் இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். பேசாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

1890இல் டோக்கியோவில் பெரிய தொழிற்கண்காட்சி நடந்தது. சகிச்சி அங்கே போய் இயந்திரக் கூடத்தை விட்டு நகராமல் பல நாள் பார்த்துக்கொண்டே நின்றார். ஊர் திரும்பிய அதே ஆண்டில் தம் முதல் தறியை முடித்துவிட்டார். 1891இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. முழுக்க மரத்தால் ஆன கைத்தறி அது. அதற்கு முன் நெசவாளர் ஒரு கையால் நாடாவை ஓட்டி, மறு கையால் அச்சை இழுத்து அடிக்க வேண்டும். இவர் தறியில் அச்சை ஒரு கையால் முன்னும் பின்னும் ஆட்டினாலே நாடாவும் சேர்ந்து ஓடும். வேலை 40 முதல் 50 சதவீதம் கூடியது. துணியும் சீராக வந்தது.

பணம் மட்டும் வரவில்லை. கைத்தறி எவ்வளவு திருந்தினாலும் கைத்தறிதானே. 1894இல் நூல் சுற்றும் இயந்திரம் ஒன்றைச் செய்து விற்றார். அது நன்றாக ஓடியது. அந்தக் காசில்தான் அடுத்த ஆராய்ச்சி. அதே 1894இல் மகன் கீச்சிரோ பிறந்தான். ஆனால் எந்நேரமும் தறி தறி என்று கிடக்கிற கணவனோடு வாழ முடியாமல் மனைவி பிரிந்து போய்விட்டார். குழந்தை தாத்தா பாட்டியிடம் வளர்ந்தது. பெரிய மனிதர்களின் வரலாற்றில் இந்த மாதிரிப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம். எனக்கென்னவோ அந்த அம்மாள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

1896இல் சகிச்சி விசைத்தறியை முடித்தார். ஜப்பானியர் ஒருவர் தாமே வடிவமைத்த முதல் விசைத்தறி அது. இரும்பும் மரமும் கலந்து கட்டியதால் விலை குறைவு. 1898இல் காப்புரிமை. அந்தத் தறியில் ஒரு சின்ன ஏற்பாடு இருந்தது. ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்துபோனாலோ தறி தானாகவே நின்றுவிடும்.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். காஞ்சிபுரம் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ள நண்பர்களுக்குச் சட்டென்று புரியும். குழித்தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு இழை அறுந்தது கண்ணில் படும். கண்ணில் படாவிட்டால் கைக்காவது தெரியும். உடனே நிறுத்தி, இழையை முடிந்து, மேலே நெய்வார். அங்கே தறியும் அவரும் ஒன்று. விசைத்தறி அப்படியல்ல. ஓட்டுவது நீராவி அல்லது மோட்டார். அதற்குக் கண் ஏது? ஊடை அறுந்தாலும் வெறும் நாடா இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டே இருக்கும். பாவில் ஓர் இழை போனால் துணி நெடுக ஒரு கோடு விழுந்துகொண்டே வரும். கஜக்கணக்கில் பாழான பிறகுதான் யாராவது பார்ப்பார்கள். ஆகவே ஒவ்வொரு தறி முன்னாலும் ஓர் ஆளைக் காவல் நிறுத்த வேண்டும். இயந்திரத்துக்கு மனிதன் காவல்!

சகிச்சி கேட்ட கேள்வி இதுதான்: தப்பு நடந்தது தறிக்கே தெரிந்தால் என்ன?

இப்போது நம் லேபுக்கு வருவோம். ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு பில் போடுகிற புரோகிராம் எழுதுகிறோம் என்று வையுங்கள். மெயின் என்ற மேல் பகுதி, பில்போடு என்ற பகுதியைக் கூப்பிடுகிறது. பில்போடு, விலைஎடு என்ற பகுதியைக் கூப்பிடுகிறது. விலைஎடு ஃபைலைத் திறந்து போல்ட்டின் விலையைத் தேடுகிறது. அந்தப் போல்ட் பட்டியலிலேயே இல்லை. என்ன செய்வது?

சி மொழியில் பழகியவர்கள் கழித்தல் 1 என்று திருப்பி அனுப்புவோம். கழித்தல் 1 வந்தால் விலை கிடைக்கவில்லை என்று அர்த்தம். பில்போடு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பார்க்க மறந்துவிட்டால்? 12 போல்ட், ஒன்று கழித்தல் 1 ரூபாய், மொத்தம் கழித்தல் 12. போல்ட்டையும் கொடுத்து, கடைக்காரர் கையிலிருந்து 12 ரூபாயும் கொடுக்க வேண்டியதுதான்! சிரிக்கலாம். ஆனால் புரோகிராம் நிற்கவில்லை பாருங்கள். எந்தச் சத்தமும் இல்லாமல் அடுத்த பில்லுக்குப் போய்விட்டது. இழை அறுந்த பிறகும் ஓடுகிற தறி இதுதான்.

எக்ஸெப்ஷன் உள்ள மொழியில் விலைஎடு எந்த எண்ணையும் திருப்புவதில்லை. த்ரோ என்று ஒரு பொருளைத் தூக்கி எறிகிறது. எறிந்த வரிக்குக் கீழே உள்ள எதுவும் ஓடாது. அங்கேயே நின்றது. பில்போடில் கேட்ச் இல்லையென்றால் அதுவும் அந்த இடத்திலேயே பாதியில் முடிகிறது. பெருக்கல் நடக்காது, தப்பான பில் பிறக்காது. அந்தப் பொருள் ஒரு படி ஏறி மெயினுக்குப் போகிறது. மெயினில் கேட்ச் இருந்தால் அங்கே பிடிபட்டு, இந்தப் போல்ட்டுக்கு விலை இல்லை என்று திரையில் காட்டும். அங்கேயும் இல்லையென்றால் புரோகிராமே நிற்கும். கூப்பிட்ட வழியே ஒவ்வொரு படியாக மேலே ஏறுகிறதே, அதைத்தான் புரொபகேஷன் என்கிறார்கள். போகிற வழியில் ஃபைனலி என்று எழுதியிருந்தால் அது மட்டும் எப்படியும் ஓடும். திறந்த ஃபைலை மூடிவிட்டுத்தான் வெளியே போகும்.

இந்த யோசனை கம்ப்யூட்டருக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1960களில் பிஎல் ஒன் மொழியில் ஆரம்ப வடிவம் இருந்தது. 1975இல் ஜான் குட்இனஃப் என்ற அமெரிக்கர் இதை முறைப்படுத்திக் கட்டுரை எழுதினார். 1990 வாக்கில் சி பிளஸ் பிளஸ் மொழிக்கு வடிவம் கிடைத்தது. 1996இல் வெளிவந்த ஜாவா, சில வகை எக்ஸெப்ஷன்களைப் பிடி, இல்லாவிட்டால் மேலே அனுப்புவதாக எழுதிக் கொடு என்று கம்பைலரையே அதட்ட வைத்தது. சகிச்சியின் தறிக்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து!

மறுபடி அவர் கதைக்கு. 1897இல் ஒரு வியாபாரியோடு சேர்ந்து ஓட்டோகாவா என்ற ஊரில் நெசவாலை வைத்தார். அங்கே நெய்த துணியின் தரம் மிட்சுயி என்ற பெரிய வணிக நிறுவனத்தின் கண்ணில் பட்டது. விசாரித்தால், எல்லாம் டொயோடா தறியில் நெய்தது. மிட்சுயி பணம் போட முன்வந்தது. அதன் பிறகு கூட்டு, கம்பெனி, சண்டை, விலகல் என்று பத்து வருஷம் ஓடியது. 1907இல் டொயோடா தறி நிறுவனம் ஆரம்பமானது. பெயர் இவருடையது, பிடி மற்றவர்களுடையது. வியாபாரம் மந்தமானதும் பழி ஆராய்ச்சியின் மேல் விழுந்தது. 1910இல் அவர் தம் பெயரில் இருந்த கம்பெனியை விட்டே வெளியேற நேர்ந்தது. அப்போது வயது 43.

மனம் வெறுத்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறினார். அங்கே தறி ஆலைகளைப் பார்த்தார். தெருவில் மோட்டார் கார்கள் ஓடுவதையும் பார்த்தார். நியூயார்க்கில் தாகாமினே ஜோகிச்சி என்ற ஜப்பானிய வேதியியல் அறிஞரைச் சந்தித்தார். கண்டுபிடித்தவன் தன் பொருளைக் கடைசிவரை விடக்கூடாது என்று அவர் தேற்றி அனுப்பியதாகச் சொல்வார்கள். 1911இல் திரும்பி வந்து நகோயா நகரில் சொந்த நெசவாலை ஒன்றை ஆரம்பித்தார். இனி யாரையும் நம்புவதில்லை, நெய்து விற்கிற காசிலேயே ஆராய்ச்சி என்று தீர்மானம்.

நூல் சரியில்லாவிட்டால் தறியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை என்று நூற்பாலையும் வைத்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் வியாபாரம் கொழித்தது. 1918இல் டொயோடா நூற்பு நெசவு நிறுவனம். பிறகு சீனாவில் ஷாங்காயிலும் ஓர் ஆலை. இதற்குள் மகன் கீச்சிரோ டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்து முடித்துவிட்டு அப்பாவோடு சேர்ந்துகொண்டார்.

1924இல் ஜி டைப் தானியங்கித் தறி வந்தது. சகிச்சியின் வாழ்நாள் உழைப்பெல்லாம் சேர்ந்த இயந்திரம் அது. நாடாவில் நூல் தீர்ந்தால் வேகம் குறையாமலே புது நாடா தானாக உள்ளே போகும். ஊடை அறுந்தால் நிற்கும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒரே ஓர் இழை அறுந்தாலும் நிற்கும். எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒவ்வொரு இழையிலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்கும். இழை விறைப்பாக இருக்கும்வரை தகடு மேலே நிற்கும். இழை அறுந்தால் தகடு பொத்தென்று கீழே விழும். விழுந்த தகடு அடியில் ஆடிக்கொண்டிருக்கும் கம்பியைத் தடுக்கும். அந்தத் தடைதான் தறியை நிறுத்தும் நெம்புகோலைத் தட்டிவிடும். சென்சார் இல்லை, கரண்ட் இல்லை, ஒரு தகடும் புவியீர்ப்பும்தான். ஆயிரம் இழைக்கும் ஆயிரம் இஃப் கண்டிஷன் எழுதி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு இருக்கவில்லை. எது அறுந்ததோ அதுவே அறிவிக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அறுந்தால் நிற்கும் தறியை உலகத்தில் முதன்முதலாகச் செய்தவர் சகிச்சி அல்ல. ஊடை அறுந்தால் நிறுத்தும் முள் இங்கிலாந்தில் 1840களிலேயே உண்டு. அமெரிக்காவின் நார்த்ராப் தறி 1890களில் பாவுக்கும் அந்த ஏற்பாட்டோடு வந்தது. நம் ஊர் மலர்களில் எல்லோரையும் உலகிலேயே முதல் ஆள் ஆக்கிவிடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஓடுகிற வேகத்தில் நாடா மாற்றுவதையும், எந்தக் கோளாறு வந்தாலும் நிற்பதையும் ஒரே தறியில் நம்பகமாகச் சேர்த்ததுதான் இவர் சாதனை. அதைவிட முக்கியம், அதை ஒரு கொள்கையாகவே பிடித்துக்கொண்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜி டைப் வந்த பிறகு ஒரே பெண் தொழிலாளி இருபது முப்பது தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. மீதி ஆட்கள் என்ன ஆனார்கள்? வரலாற்றுப் புத்தகங்கள் உற்பத்தி கூடியதைச் சொல்கிற அளவுக்கு இதைச் சொல்வதில்லை. விசைத்தறி வந்து கைத்தறியைத் தின்ற கதை காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குப் புதிதல்ல.

சகிச்சியின் கொள்கைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ஜிடோகா. தானியங்கி என்பதற்கு ஜப்பானில் வழக்கமாக எழுதும் எழுத்துகளில் ஒன்று அசைவைக் குறிக்கும். டொயோட்டாக்காரர்கள் அந்த எழுத்தின் பக்கத்தில் மனிதன் என்ற குறியைச் சேர்த்து எழுதுகிறார்கள். உச்சரிப்பு மாறாது. அசைவது வேறு, மனிதனைப் போல் வேலை செய்வது வேறு என்பதுதான் வித்தியாசம்.

இந்தக் கொள்கை தறியிலிருந்து காருக்குப் போனதற்கு ஒரு பாலம் உண்டு. அவர் பெயர் தாய்ச்சி ஓனோ. நம்மைப் போலத் தொழில்நுட்பப் பள்ளியில் மெக்கானிக்கல் படித்தவர். 1932இல் டொயோடா நூற்பு நெசவு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1943இல் கார் கம்பெனிக்கு மாறினார். தறிக்கு முடிந்தது கார் லைனுக்கு ஏன் முடியாது என்று கேட்டார். இயந்திரம் கோளாறு வந்தால் தானே நிற்கட்டும். மனிதன் வேலை செய்கிற இடத்தில் அந்த மனிதனுக்கே நிறுத்தும் உரிமை இருக்கட்டும். அதற்காக வந்ததுதான் தலைக்கு மேல் தொங்கும் கயிறும் ஆண்டன் பலகையும். ஆண்டன் என்றால் ஜப்பானியில் காகித விளக்கு.

டொயோட்டாவின் தொழிற்சாலை நம் பக்கம் இல்லை, கர்நாடகத்தில் பிடதியில் இருக்கிறது. ஆனால் அவர்கள் வழக்கம் உலகம் பூராவும் பரவிவிட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான், 2012இல் டெய்ம்லர் லாரி, 2013இல் ராயல் என்ஃபீல்டு. இன்பிளாண்ட் டிரெயினிங் போய் வந்தவர்களுக்குத் தெரியும், வாகன லைன் என்றால் மேலே பலகையில் ஸ்டேஷன் நம்பர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எரிவது சாதாரணக் காட்சி.

அந்தப் பலகை நம் பாடத்தின் அடுத்த பகுதி. டொயோட்டா முறையில் கயிற்றை இழுத்ததும் லைன் உடனே நிற்காது. முதலில் விளக்கு எரியும், மணி அடிக்கும், எந்த ஸ்டேஷன் என்று நம்பர் தெரியும். டீம் லீடர் ஓடி வருவார். கார் அந்த ஸ்டேஷனின் எல்லையைத் தாண்டுவதற்குள் சரி செய்துவிட்டால் மறுபடி கயிற்றை இழுப்பார், லைன் ஓடிக்கொண்டே இருக்கும். முடியாவிட்டால் எல்லையில் நிற்கும். விஷயம் குரூப் லீடருக்குப் போகும், அவராலும் ஆகாவிட்டால் இன்னும் மேலே. கிட்டத்தில் இருப்பவர் முதலில் பிடிக்க வேண்டும், அவரால் முடியாததுதான் ஏற வேண்டும்.

ஜாவாவில் கேட்ச் அடுக்கும்போது குறிப்பிட்ட எக்ஸெப்ஷன் முதலில், பொதுவான எக்ஸெப்ஷன் கடைசியில் என்று படித்தோமே, மாற்றிப் போட்டால் கம்பைலரே எரர் காட்டுகிறதே, அதன் நியாயம் இதுதான். பொதுவானது முதலில் நின்றால் எல்லாவற்றையும் அதுவே பிடித்துக்கொள்ளும், கீழே உள்ளவருக்கு வேலையே வராது. அதோடு எறியப்படுவது வெறும் எண் அல்ல, ஒரு ஆப்ஜெக்ட். அதற்கு ஒரு கிளாஸ் உண்டு, செய்தி உண்டு, எந்த வரியில் பிறந்து எந்த வழியாக ஏறியது என்ற தடம் உண்டு. கழித்தல் 1க்கு இந்த ஜாதகம் எதுவும் கிடையாது. ஒரு எக்ஸெப்ஷனைப் பிடித்து வேறொன்றாக மாற்றி மேலே அனுப்பினால், பழையதையும் உள்ளே வைத்து அனுப்பலாம். அப்போது திரையில் இன்னதால் வந்தது, அது இன்னதால் வந்தது என்று வரிசையாக விழும். ஒரு கோளாறுக்கு ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்கிற டொயோட்டா பழக்கத்தையும் சகிச்சியிடமிருந்து வந்தது என்றுதான் சொல்கிறார்கள்.

நம்மில் பலர் டிப்ளமோ முடித்ததும் போய் நிற்கப்போவது இந்த லைன்களில்தான், அப்ரன்டிஸாகவோ டிரெயினியாகவோ. கயிறு இருக்கும், ஆனால் முதல் மாசம் அதை இழுக்கக் கை வராது. ஒரு சீனியர் அண்ணன் சொன்னது இது. கம்பெனி பெயர் வேண்டாம். மரை தப்பி ஏறிய போல்ட் ஒன்றை அவர் பார்த்தார். விளக்கைப் போட்டால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்துவார். பெயின்ட் மார்க்கரால் ஓகே குறி போட்டு அனுப்பிவிட்டார். கடைசி செக்கிங்கில் மாட்டியது. அதற்குள் அந்த போல்ட்டுக்கு மேல் என்னென்னவோ பூட்டியாகிவிட்டது, எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று.

நம் லேபில் இதற்குச் சமமானது காலி கேட்ச். கம்பைலர் திட்டுகிறது என்று டிரை போட்டு, கேட்ச் போட்டு, பிராக்கெட்டுக்குள் ஒன்றுமே எழுதாமல் மூடிவிடுவோம். ரெக்கார்டில் சைன் வாங்கியாச்சு. எக்ஸெப்ஷன் எழுந்தது, பிடிபட்டது, செத்தது. யாருக்கும் தெரியாது. எக்ஸெப்ஷனே இல்லாத புரோகிராமைவிட இது மோசம். அதிலாவது தகடு இல்லை என்று தெரியும். இதில் தகடு விழுந்தும் கம்பியை நாமே கழற்றி வைத்திருக்கிறோம். ஆனால் அந்த சூப்பர்வைசரையும் விட்டுவிட முடியாது. விளக்குப் போட்டவனைத் திட்டுகிற இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த ஆண்டன் பலகை மாட்டினாலும் அது காலி கேட்ச்தான். ஓனோ கயிறு கொடுத்தபோது இழுத்தவனைத் திட்டாத லீடரையும் சேர்த்துத்தான் கொடுத்தார்.

நிறுத்தினால் மட்டும் போதுமா? போதாது. 1996 ஜூன் 4ஆம் தேதி ஏரியான் 5 என்ற ஐரோப்பிய ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. நாற்பது வினாடிகூட நிறைவாகப் பறக்கவில்லை, வெடித்துச் சிதறியது. காரணம் ஓர் எக்ஸெப்ஷன். 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது எண் கொள்ளவில்லை. ஏடா மொழியில் எழுதிய புரோகிராம் ஒழுங்காகவே எக்ஸெப்ஷனை எழுப்பியது. அந்த இடத்தில் பிடிக்க ஆள் இல்லை. திசை சொல்லும் கருவியே தன்னை அணைத்துக்கொண்டது. மாற்றுக் கருவியிலும் அதே புரோகிராம், அதுவும் அதே காரணத்தால் அணைந்தது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாத கணக்கு, பழைய ஏரியான் 4இல் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டது. நாலு செயற்கைக்கோள்கள் போயின. சகிச்சியின் ஆலையில் தறி நின்றால் இழையை முடியத் தெரிந்த பெண் இருபது அடி தூரத்தில் இருந்தாள். ராக்கெட்டில் அப்படி யாரும் இல்லை.

ஜி டைப் தறியின் பெயர் கடல் தாண்டியது. 1926இல் அதைச் செய்வதற்கென்றே கரியாவில் டொயோடா தானியங்கித் தறி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1929 டிசம்பரில் இங்கிலாந்தின் ஓல்ட்ஹாம் நகரத்து பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அந்தத் தறியின் காப்புரிமையை 1 லட்சம் பவுண்டுக்குப் பேசி வாங்கியது. நம் நாட்டு மில்களுக்கு இயந்திரம் விற்ற அதே பிளாட்தான். தறி செய்யக் கற்றுக்கொடுத்த நாடு, அந்தத் தச்சன் மகனிடம் வந்து விலை கேட்டது! உலகமே பொருளாதார வீழ்ச்சியில் இருந்ததால் பிளாட் பிறகு பேரம் பேசிக் குறைத்துக்கொண்டது, தொகை முழுதாக வரவில்லை. கார் ஆராய்ச்சிக்கு அந்தப் பணம்தான் விதை என்ற கதை மிகப் பிரபலம். கீச்சிரோ காரில் இறங்கியது உண்மை. 1937இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி பிறந்ததும் உண்மை. குடும்பப் பெயர் டொயோடாவாக இருக்க, கார் மட்டும் டொயோட்டா ஆனதற்கு ஜப்பானிய எழுத்தில் அது சரியாக எட்டுக் கோட்டில் எழுதி முடிவதும், எட்டு அவர்களுக்கு அதிர்ஷ்ட எண் என்பதும் ஒரு காரணம். நியூமராலஜி நம் ஊர்ச் சொத்து மட்டுமல்ல!

சகிச்சி அந்தக் காரைப் பார்க்கவில்லை. 1930 அக்டோபர் 30 அன்று, 63ஆம் வயதில் காலமானார். கடைசிவரை அவர் மனதில் இருந்தது வேறொரு தறி. 1906இல் காப்புரிமை பெற்ற வட்டத் தறி. நாடா இடமும் வலமும் முட்டி மோதாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே நெய்யும். சத்தம் குறைவு, சக்தியும் குறைவாகச் செலவாகும். எத்தனையோ தடவை திருத்தியும் அது சந்தைக்கு வரவே இல்லை.

1911இல் நகோயாவில் அவர் ஆலை வைத்த இடத்தில் 1994 முதல் ஒரு தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வட்டத் தறியும் அங்கே நிற்கிறது, ஜி டைப்பும் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்காக ஜி டைப்பை ஓட்டிக் காட்டுவார்கள். தடதடவென்று ஓடுகிறபோதே பாவில் ஓர் இழையை அறுத்துவிடுவார்கள். தகடு விழும், தறி நிற்கும். இழையை முடிந்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள்.